டீட்ஸ் வண்டியின் நாற்பத்திரண்டு மணி நேரம்

காலை ஒன்பது மணிக்கு, பெர்ரி லண்ட்க்விஸ்ட் இரண்டாவது கோப்பைக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வயதான மனிதர் கோபத்தோடு நடந்து வந்தார். கோபக்காரர்கள் பொதுவாக வேகமாக வருவார்கள். இவரோ ஒவ்வோர் அடியையும் தரையைக் கேட்டுக் கேட்டு வைப்பவர் போல வந்தார். சிவந்த முகமும் அந்த நிதான நடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

"ஐடா பெக்ங்கறது யாரு?" என்றார், பெர்ரியைப் பார்த்து.

"நான்தான்," என்றாள் ஐடா, வேனின் நிழலிலிருந்து. ஒரு பேசினில் சோப்புத் தண்ணீர் வைத்துக் காற்று வடிகட்டி ஒன்றை அலசிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க. காப்பி இருக்கு."

"காப்பி குடிக்க வரலம்மா. என் வண்டில திருட்டு நடந்திருக்கு. போலீஸுக்குப் போனா சிரிப்பாங்க. நீங்க ஜெனரேட்டர் ரிப்பேர்காரி மட்டுமில்ல, உள்ள நடந்ததையும் கண்டுபிடிச்சுச் சொல்வீங்கன்னு சொன்னாங்க."

பெர்ரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முப்பது வருஷம் மின்னசோட்டாவில் பூகோளம் கற்பித்தவர், ஓய்வு பெற்றபின் பனிக்குப் பயந்து இந்த அரிசோனா பாலைவனத்துக்கு வந்து, இரண்டு குளிர்காலமாக ஐடாவுக்குத் துணையாக இருக்கிறார். அவருக்கு ஸ்பேனர் பிடிப்பதைவிட மர்மம் பிடிக்கும். அவருடைய நோட்டில் இதுவரை பதினோரு முடிவுகள் எழுதப்பட்டிருந்தன. பதினொன்றும் தப்பு.

ஐடா கடற்படைக் கப்பல்களின் ஜெனரேட்டர் அறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். கடல் வேலை ஓய்ந்தபின், தண்ணீரே இல்லாத இடமாகப் பார்த்துக் குவார்ட்சைட்டுக்கு வந்தாள். குளிர்காலத்தில் இங்கே சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டுவண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். மின்கம்பம் கிடையாது. வண்டிக்கு ஒரு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு ஒரு நோய் என்று அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

வந்தவர் பெயர் ஆர்லன் டீட்ஸ், வயது எழுபத்து மூன்று. வடக்கு டகோட்டாவில் சரக்கு ரயில் இன்ஜின் ஓட்டியவர். எதிரே இருக்கும் வண்டிக் காப்பகத்தில் தன் வீட்டுவண்டியைச் செப்டம்பர் தொடக்கத்தில் விட்டுவிட்டு, இதய அறுவைக்காக ஃபீனிக்ஸ் போனார். இன்று காலைதான் வண்டியை வெளியே எடுக்க வந்திருக்கிறார்.

"விடும்போது, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டற மீட்டர்ல எண்ணூத்திப் பன்னிரண்டு. இதோ பாருங்க, எழுதி வெச்சிருக்கேன்." அவர் நீட்டிய குறிப்பேட்டில் ஒவ்வோர் எண்ணும் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. "மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம் ஓட விடணும், இல்லன்னா கார்புரேட்டர் பிசுக்காயிடும். அந்த வேலை காவல்காரன் எலாய் மொன்டோயாவோடது. அக்டோபர், நவம்பர், டிசம்பர். மூணு ரெண்டு ஆறு. அப்ப எண்ணூத்திப் பதினெட்டு காட்டணும், சரியா?"

"எவ்வளவு காட்டுது?"

அவர் கைப்பேசியை எடுத்து, தான் பிடித்த படத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். "எண்ணூத்தி அறுபது. நாப்பத்திரண்டு மணி நேரம் எவனோ என் வீட்டுல குடித்தனம் பண்ணிருக்கான். எவனோ என்ன, எலாய்தான். அவன் இருக்கறது தகரக்கூண்டு. செப்டம்பர் வெயில்ல வறுபட்டிருப்பான். என் வண்டில ஏறி ஏசியைப் போட்டுக்கிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கான். போதாததுக்கு ஜெனரேட்டரையும் கெடுத்து வெச்சிருக்கான். ஓடவிட்டா ஏறி இறங்கி மூச்சு வாங்குது. ஓட்டற சீட்டுல உக்காந்தா முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது. சீட்டையும் இழுத்துப் போட்டிருக்கான்."

"வண்டி ஓடின தூரம்?"

"அந்த மீட்டர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய வண்டி."

"காப்பக முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எட்டரைக்கே போன் பண்ணிட்டேன். டார்லா ப்ரூவர் பன்னண்டு மணிக்கு வர்றா. எலாய் இன்னிக்கே வெளிய. வாடிக்கையாளர் வண்டில கை வெச்சா வேலை போச்சுங்கறது அவ போட்ட சட்டம்தான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவ வர்றதுக்குள்ள நீங்க பாத்து, ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

ஐடா வடிகட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "பாத்துட்டுத்தான் வார்த்தை," என்றாள்.

சாலையைக் கடக்கும்போதே பெர்ரி பன்னிரண்டாவது முடிவை எழுதிவிட்டார். எலாய், வெயில், ஏசி. இந்தத் தடவை யானைப் பசிக்குச் சோளப்பொரி இல்லை, முழு விருந்தே கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

எலாய் மொன்டோயா ஆறே கால் அடி உயரம். தன் தகரக்கூண்டிலிருந்து வெளியே வர அவர் இரண்டாக மடிய வேண்டியிருந்தது. கையில் ஓர் அட்டைப் பெட்டி. சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. கூண்டின் சக்கரங்கள் கழன்று வருஷக்கணக்காகிவிட்டன. அச்சுகள் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தன. வேலை போனால் இந்த வீட்டை அவர் எப்படி நகர்த்துவார் என்று பெர்ரி நினைத்துப் பார்த்தார். பார்த்தவுடன் பன்னிரண்டாவது முடிவின் ருசி கொஞ்சம் குறைந்தது.

"எலாய், இந்த வண்டிய மாசாமாசம் ஓடவிட்டீங்களே, எப்படி ஓடிச்சு?" என்று கேட்டாள் ஐடா.

"அக்டோபர் ஒண்ணாந்தேதி பூனை மாதிரி ஓடிச்சு. நவம்பர் ஒண்ணாந்தேதி மூச்சு வாங்கிச்சு. டிசம்பர்லயும் அப்படித்தான். வேலைக் குறிப்புச் சீட்டுல எழுதி வெச்சிருக்கேன்." சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எழுதியிருந்தது.

"வேற யாராவது ஓடவிட்டாங்களா?"

எலாய் ஆர்லனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நான் அதுல ஒரு நிமிஷம்கூட உக்காரல. படுக்கல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"பாத்தீங்களா," என்றார் ஆர்லன். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறான்."

டீட்ஸ் வண்டி முப்பத்து நான்கு அடி நீளம். பழசானாலும் துடைத்து வைத்த பழசு. வலப்பக்கம் கதவுக்குப் பின்னால், இடுப்பளவில் ஒரு தகடு. அதைத் திறந்தால், துணி துவைக்கும் இயந்திரத்தைப் படுக்கவைத்த அளவில் பச்சைப் பெட்டி. ஆர்லன் காலையில் ஓடவிட்ட ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; ஐடா பொத்தானை அழுத்தி அணைத்தாள். சூடு ஆறும்வரை கால்மணி நேரம் சும்மா நின்றாள். பிறகு பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினாள். அது கழலாமல் அவள் எந்தப் பெட்டிக்குள்ளும் கை விட்டதில்லை. கடைசியில் இரண்டு கொக்கிகளை விடுவித்து மூடியைத் தன் பக்கம் இழுத்தாள்.

எத்தனை தடவை பார்த்தாலும் பெர்ரிக்கு இந்த இடத்தில் வாய் அடைத்துப்போகும். வெளியே ஒரு சாதாரணப் பெட்டி. உள்ளே ஓர் ஊரே இருந்தது. காற்று வர ஒரு வாசல், போக ஒரு வாசல், எண்ணெய்க்கு ஒரு தெரு, பெட்ரோலுக்கு ஒரு சந்து, நடுவில் தாமிரம் சுற்றிய அந்தப் பெரிய இதயம். இத்தனையும் ஒன்றையொன்று இடிக்காமல் அந்த இருட்டில் சுழன்று, மேலே ஒரு கிழவிக்குக் காப்பி சூடாக்கிக் கொடுக்கிறது. மனுஷனால் இதைச் செய்ய முடிந்ததே என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு மலைப்பாக இருந்தது. ஐடாவும் மூடியைத் திறந்ததும் ஒரு கணம் கை வைக்காமல் நிற்பாள். வழக்கம்தான்.

முதலில் எண்ணெய் பார்க்கும் குச்சி. இழுத்து, துணியில் தொட்டாள். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

"கடைசியா எப்ப எண்ணெய் மாத்தினீங்க?"

"ஏப்ரல்ல. எழுநூத்தஞ்சுல," என்றார் ஆர்லன். "நூத்தம்பது மணிக்கு ஒரு தடவை. அடுத்தது எண்ணூத்தம்பத்தஞ்சுல."

"ம்," என்றாள் ஐடா. அடுத்துக் காற்று உறிஞ்சும் வலையை விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு சின்ன இடுக்கியால் எதையோ மெல்ல எடுத்துப் பெர்ரியின் உள்ளங்கையில் வைத்தாள். "வாத்தியாரே, இது உங்க பாடம்."

ஓர் இலை. காசு அளவில் வட்டமானது, நீளக் காம்பு, பொன் மஞ்சள். இன்ஜின் சூட்டில் காய்ந்தும் நிறம் போகவில்லை. பெர்ரி அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். நாலு பக்கமும் முள்ளும் கல்லும் சாம்பல் புதருமாகக் கிடந்த அந்தப் பூமியில், அவர் விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு வெளிச்சம் தனியாக எரிந்தது.

"ஆஸ்பென் மர இலை," என்றார், குரல் தானாகத் தாழ்ந்தது. "இது இங்க வளராதே ஐடா. ஏழாயிரம் அடிக்கு மேல, குளிர் மலைலதான். நாம நிக்கறது தொள்ளாயிரம் அடிகூட இல்ல. இந்த மஞ்சள் அக்டோபர் முதல் ரெண்டு வாரம்தான் இருக்கும், அப்புறம் உதிர்ந்துடும்."

ஐடா கார்புரேட்டர் பக்கமாகக் குனிந்து, அங்கே இருந்த ஒரு சின்னத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைபரிலிருந்து பத்துவரை எண் பொறித்த திருகு. கடல்மட்டத்திலிருந்து எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் வண்டி நிற்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் வைக்க வேண்டியது. மேலே காற்று மெலிதாக இருக்கும், அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்க. முள் ஒன்பதில் நின்றது.

"மூச்சு வாங்கறதுக்குக் காரணம் கிடைச்சாச்சு," என்றாள். ஆனால் அதைத் தொடவில்லை. "டீட்ஸ், உங்க வண்டி மலைக்குப் போயிருக்கா எப்பவாவது?"

"இல்லவே இல்ல. குளிர்ல இருந்து தப்பிக்கத்தான் வண்டியே வாங்கினோம். பதினெட்டு வருஷமா பாலைவனம்தான்."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, ஆஸ்பத்திரிப் பைல இருந்தது. எலாய்கிட்ட ஒண்ணு. என் பெண்டாட்டி வெர்னாகிட்ட ஒண்ணு, கதவு திறக்க. அவளைக் கணக்குல சேக்காதீங்க. காரை ஓட்டுவா, இதைத் தொடமாட்டா. இப்பக்கூட என்னை இங்க இறக்கிவிட்டுட்டுத் துணி துவைக்கப் போயிருக்கா. ஆஸ்பத்திரில ஒன்றரை மாசம் என் பக்கத்துலயே உக்காந்திருந்தா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும், அவ அக்காவுக்கு முட்டி ஆபரேஷன்னு அஞ்சு நாளும் போனதைத் தவிர."

வண்டிக்குள் சமையல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வீட்டுவண்டிக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பதுதான்: ஆணுக்கு நீல வேலை, பெண்ணுக்கு ரோஸ் வேலை. நீலத்தில் ஆர்லன். ஓட்டுவது, ஜெனரேட்டர், டயர், கழிவுத் தொட்டி. ரோஸில் வெர்னா. சமையல், படுக்கை, வரைபடம், சர்வீஸ் புத்தகத்தைப் படித்துக் காட்டுவது.

"இது என்ன, படிச்சுக் காட்டறது?" என்று சிரித்தார் பெர்ரி. "பைபிளா?"

"நான் கீழ படுத்து வேலை செய்வேன். அவ ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிப்பா," என்றார் ஆர்லன். "ரெண்டு கையும் எண்ணெயா இருக்கறவன் பக்கத்தைத் திருப்ப முடியுமா? பதினெட்டு வருஷமா அப்படித்தான்."

ஐடா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். பெர்ரி அவள் முகத்தைப் பார்த்தார். கடலில் நெடுநாள் இருந்தவர்கள் நிலம் தெரியும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"வாத்தியாரே," என்றாள் கீழே இறங்கியதும், "ஒன்பதாயிரம் அடி, ஆஸ்பென் காடு, வண்டி போற ரோடு. இங்கிருந்து எது கிட்ட?"

பெர்ரி வரைபடத்தை விரிக்கவே இல்லை. "கிழக்கால, முந்நூத்தம்பது மைல். வெள்ளை மலை. ஆனா போற வழில உப்பாத்துப் பள்ளத்தாக்கைத் தாண்டணும். ரெண்டாயிரம் அடி கீழ இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி ரெண்டாயிரம் அடி ஏறணும். வளைவுக்கு வளைவு. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். நான் ஒரு தடவை பஸ்ல போனேன். கண்ணைத் திறக்கவே இல்ல." அவர் நிறுத்தினார். பன்னிரண்டாவது முடிவு அவர் கண்முன்னேயே பொடிந்துகொண்டிருந்தது. "ஏசி போட்டுத் தூங்கறவன் அங்க எதுக்குப் போறான்?"

"அதேதான்," என்றாள் ஐடா.

பன்னிரண்டு மணிக்கு டார்லா ப்ரூவரின் பிக்கப் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கையில் எலாய் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தோடு இறங்கினாள். தப்பான ஆளில்லை, ஆனால் நூற்றுநாற்பது வண்டிக்குப் பொறுப்பாளி. அவள் பின்னாலேயே ஒரு சின்ன வெள்ளைக் கார். அதிலிருந்து மடித்த துணிக்கூடையோடு வெர்னா டீட்ஸ் இறங்கினாள். எழுபது வயது, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அட்டைப்பெட்டியோடு நின்ற எலாயையும், டார்லாவின் காகிதத்தையும், திறந்து கிடந்த ஜெனரேட்டரையும் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன நடக்குது இங்க?"

"எலாய் நம்ம வண்டில குடியிருந்திருக்கான், வெர்னா," என்றார் ஆர்லன். "வேலையவிட்டுப் போறான்."

"எல்லாரும் இப்படி நிழலுக்கு வாங்க," என்றாள் ஐடா. "டார்லா, காகிதத்தைக் கொஞ்சம் மடிச்சு வைங்க. அஞ்சு நிமிஷம்."

வந்தார்கள். எலாய் மட்டும் தள்ளி, வெயிலிலேயே நின்றார்.

"மீட்டர்ல நாப்பத்திரண்டு மணி நேரம் அதிகம். அது உண்மை," என்று தொடங்கினாள் ஐடா. கூட்டுகிற கணக்கைச் சொல்லும் குரல், ஏற்ற இறக்கமே இல்லை. "வெயிலுக்குப் பயந்து இங்கயே நின்ன வண்டில எவனோ ஏசி போட்டான்னா, இந்தத் திருகைத் தொட வேண்டியதே இல்ல. இது ஒன்பதுல நிக்குது. ஒன்பதாயிரம் அடி. வலைல மாட்டின இலையும் அதையேதான் சொல்லுது. அக்டோபர் ஒண்ணாந்தேதி நல்லா ஓடினது, நவம்பர் ஒண்ணாந்தேதி மூச்சு வாங்கிச்சுன்னு எலாய் சீட்டு சொல்லுது. வண்டி நடுவுல, அக்டோபர் முதல் பாதில, மலைக்குப் போயிட்டு வந்திருக்கு."

டார்லா எலாய் பக்கம் திரும்பினாள். "வண்டி கேட்டைத் தாண்டி வெளிய போச்சா? கதவுப் புத்தகத்துல எழுதலயே?"

எலாய் அட்டைப்பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அப்ப மலைக்கு ஓட்டிட்டுப் போனதும் இவன்தான்," என்றார் ஆர்லன்.

"உங்க முட்டி எங்க இடிச்சுது டீட்ஸ்? ஸ்டீரிங்ல. சீட்டு முன்னால இழுத்திருந்தது. எலாய் உங்களைவிட உயரம். அந்தச் சீட்டுல அவர் காலை எங்க வைப்பார்? கடைசியா ஓட்டினவங்களுக்குக் கால் எட்டல. குள்ளமானவங்க." அவள் துணியில் தொட்டெடுத்த எண்ணெய்க் கறையைக் காட்டினாள். "இன்னொண்ணு. எண்ணூத்தம்பத்தஞ்சுல எண்ணெய் மாத்தணும். பழைய எண்ணெய்னா கறுத்திருக்கும், இது தேன் நிறம். யாரோ மாத்திட்டாங்க. திருட்டுத்தனமா வண்டி எடுத்தவன் எண்ணெய் மாத்தி வைப்பானா? இந்த ஜெனரேட்டர் மேல அக்கறை உள்ளவங்க. புத்தகம் சொல்ற ஒவ்வொரு வரியும் தெரிஞ்சவங்க."

"வரி வரியாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்," என்றார் ஆர்லன்.

"உங்களுக்குக் கைல தெரியும். புத்தகத்தைப் படிச்சவங்க வேற."

பெர்ரி நோட்டை மூடினார். காலையிலிருந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. ஓட்டுவது நீல வேலை, ஜெனரேட்டர் நீல வேலை. அலமாரிக் கதவில் ஒட்டிய ஒரு காகிதம் போதும், இந்த வண்டிக்காரர் ஒருவருக்கும் ரோஸ் பக்கத்துப் பேர் நெஞ்சில் தோன்றாது. அவருக்கும் தோன்றவில்லை.

"ஒரு தப்பு மட்டும்," என்றாள் ஐடா. "ஏறும்போது இன்ஜின் கறுப்பாப் புகைவிட்டு நச்சரிக்கும், அதனால எல்லாரும் திருகைத் திருப்பிடுவாங்க. இறங்கினதும் மறந்துடுவாங்க. கப்பல்காரியான நானே மறந்திருக்கேன்."

துணிக்கூடை மெதுவாகத் தரைக்கு வந்தது. "இறங்கும்போது என்ன செய்யணும்ங்கறது அடுத்த பக்கத்துல இருந்திருக்கும்," என்றாள் வெர்னா. "நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல."

ஆர்லன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீயா?"

"நான்தான். அக்காவுக்கு முட்டி ஆபரேஷனெல்லாம் ஒண்ணுமில்ல, அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. எலாய் எனக்குச் செப்டம்பர் பூராவும் கத்துக்கொடுத்தார், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, இதோ இந்தக் காலி இடத்துல, வெளிய நின்னுக்கிட்டே. அவர் இருபது வருஷம் லாரி ஓட்டினவர். பின்னால எடுக்கறதுக்கே மூணு வாரம் ஆச்சு, ரெண்டு பீப்பாயை நசுக்கினேன். கதவுப் புத்தகத்துல எழுதாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன். நீ அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாக்கற ஆளு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு வாங்கினேன்." அவள் எலாயிடம் திரும்பினாள். "உங்க வேலையே போகும்னா வாக்காவது மண்ணாவதுன்னு சொல்லிருக்க வேண்டியதுதானே?"

"வாக்குல அந்த மாதிரி விதிவிலக்கு ஒண்ணும் வெக்கலியே மேடம்," என்றார் எலாய். "நீங்க துணி துவைச்சுட்டு வந்துடுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே இல்லை, பழி மட்டும் ஊர்வலம் வந்திருந்தது. டார்லா தன் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் திணித்தாள். "சொந்த வண்டிய எடுத்துட்டுப் போனா அதுக்கு என்கிட்ட சட்டம் இல்ல," என்றாள். "எலாய், அந்தப் பெட்டியை உள்ள கொண்டு போய் வையுங்க."

பெர்ரியால் தாங்க முடியவில்லை. "உப்பாத்துப் பள்ளத்தாக்கு வழியாவா போனீங்க? தனியா? இதை ஓட்டிக்கிட்டா?"

"வேற வழி ஏது?" என்றாள் வெர்னா. "அதுல போய்ட்டா அப்புறம் எதுலயும் போகலாம்னு எலாய் சொன்னார். இறங்கற வழியெல்லாம் சத்தமா வாசிச்சுக்கிட்டே போனேன். மனப்பாடமா இருந்தது அந்தப் புத்தகம் ஒண்ணுதான், எண்ணெய் மாத்தற அத்தியாயம். மேல போய்க் காலைல கதவைத் திறந்தேன். மலை பூராவும் மஞ்சள். காத்தடிச்சா ஒரு மலையே சலசலன்னு நடுங்குது. கால் தரைல நிக்கல எனக்கு. நாலு நாள் இருந்தேன். ஜெனரேட்டர் போட்டு, ஹீட்டர் போட்டு, ஜன்னல்கிட்ட உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன். வாழ்க்கைல நான் எங்கயும் நானாப் போனதில்ல ஆர்லன்."

பெர்ரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பூகோளப் பாடத்தில் முப்பது வருஷம் மலைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஐந்தடிகூட இல்லாத இந்தப் பெண், பாத்திரம் கழுவுகிற கையால் முப்பத்து நாலடியை ஆகாயத்தின் ஓரமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவருக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும் போல இருந்தது. கழற்றினார்.

"பள்ளத்தாக்குல எந்த கியர்?" என்று கேட்டார் ஆர்லன்.

"ரெண்டு. சில இடத்துல ஒண்ணு."

"பிரேக்?"

"விட்டு விட்டு. நீ சொல்வியே, அழுத்திக்கிட்டே இருந்தா எரிஞ்சு போகும்னு."

இன்ஜின் ஓட்டியவர் தலையசைத்தார். "ஏன் வெர்னா? எதுக்காகக் கத்துக்கிட்டே?"

அவள் ஐடாவைப் பார்த்தாள். ஐடா குனிந்து திருகை ஒன்பதிலிருந்து ஒன்றுக்குத் திருப்பி, மூடியை ஏற்றி, கொக்கிகளை மாட்டி, கறுப்புக் கம்பியை இணைத்தாள். யார் என்பதுவரைதான் அவள் வேலை. ஏன் என்பது அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது, அந்த நடையிலும் அந்தப் பெரிய எழுத்திலும். அதைச் சொல்வதற்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. பொத்தானை அழுத்தினாள். ஜெனரேட்டர் ஒருமுறை இருமி, பிறகு ஒரே சுருதியில் நின்றது.

வெர்னா துணிக்கூடையைத் தாண்டி ஆர்லன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீயாச் சொல்வேன்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் வெர்னா கடைசியில். "நீ சொல்லும்போது, வண்டிய வித்துடலாம்னு சொல்லிடக் கூடாது. அதுக்காகத்தான்."

ஆர்லன் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தார். நடுப்பகல் பாலைவனம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. இரண்டடி வைத்து நின்றார்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு," என்றார், பொதுவாக எல்லோருக்கும். "ஒரு வருஷமா. மீட்டரைக்கூட போன்ல படம் புடிச்சுப் பெருசாக்கித்தான் படிச்சேன். இன்னிக்கு இதை வெளிய எடுத்து நானே ஓட்டிட்டுப் போறதா இருந்தேன். யார் மேலயாவது ஏத்தியிருப்பேன். ஏத்தாமலே ஒருத்தர் வேலைல ஏத்திட்டேன்." வெயிலில் இங்கும் அங்கும் தலையைத் திருப்பினார். "எலாய், ஏதாவது பேசுங்க. நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரியணும்."

"இங்கதான் இருக்கேன் சார்."

ஆர்லன் வலது கையை நீட்டினார். அது எலாய்க்கு ஒரு முழம் இடப்பக்கமாக, வெறும் வெயிலில் நின்றது. யாரும் திருத்தவில்லை. எலாய் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் ஓரடி நகர்ந்து, அந்தக் கைக்கு நேராக வந்து நின்று அதைப் பிடித்துக்கொண்டார்.